வெண்டிரையிற் கொம்புடை டைனோசர்கள்

1887ஆம் ஆண்டின் இளவேனிற் காலத்திலே, அமெரிக்க ஐக்கிய நாட்டின் கொலராடோ மாநிலத்துத் தென்வர் நகரின் அயலில், ஜோர்ஜ் கனன் என்னும் பாடசாலை ஆசிரியர் பாறையிடையே பெருங்கொம்புகள் இரண்டைக் கண்டெடுத்தார். மண்டையோட்டின் மேற்பகுதியோடு ஒட்டிக் கிடந்த அவை யேல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஒத்னியல் மார்ஷ் என்பாருக்கு அனுப்பப்பட்டன. மார்ஷ் அக்காலத்து உயிர்ச்சுவட்டாராய்ச்சியிற் பெரும்பெயர் பெற்றவர். டைனோசர்கள் பலவற்றுக்குப் பெயரிட்டவர். அத்தகையாரும் அக்கொம்புகளை நோக்கி, அவை அழிந்துபோன காட்டெருதினமொன்றுக்கு உரியன எனத் துணிந்து, அவ்வாறே பெயருஞ் சூட்டினார். எருதின் கொம்பு போன்ற இணைக்கொம்புகள் ஊர்வனவொன்றின் நெற்றியில் முளைத்திருத்தல் கூடும் என அவர் எதிர்பார்க்கவில்லை.

அப்பிழை நெடுநாள் நிலைக்கவில்லை. மார்ஷின் பொருட்டு எலும்பு தேடித் திரிந்த ஜோன் பெல் ஹற்சர் என்பார் 1888ஆம் ஆண்டில் வயோமிங் பிரதேசத்து மாட்டுப்பண்ணை ஒன்றிலே பெரிய கொம்பொன்றைக் கண்டார். அதன் வரலாறு சுவையானது. பண்ணையைச் சார்ந்த மாடு மேய்ப்போன் ஒருவன் ஆழ்ந்த ஓடையொன்றின் கரையில் மண்டையோடொன்று துருத்தி நிற்பதைக் கண்டு, மாடு பிடிக்குங் கயிற்றைக் கொம்பில் எறிந்து இழுத்தனன். கொம்பு மட்டும் முறிந்து கையோடு வந்தது. ஹற்சர் மறு ஆண்டில் அவ்விடத்தை அடைந்து மண்டையோட்டை முழுதாக அகழ்ந்தெடுத்தார். 1889இல் மார்ஷ் அதற்கு இட்ட பெயரே ‘ட்ரைசெராடொப்ஸ்’ என்பது. மூன்று கொம்புடைய முகம் என்பது அக்கிரேக்கச் சொல்லின் பொருள். தமிழில் முக்கொம்பன் எனின் பொருந்தும். தென்வரிற் கிடைத்தவையும் இத்தகைய விலங்கின் கொம்புகளே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1892ஆம் ஆண்டளவில் ஹற்சர் முப்பதுக்கு மேற்பட்ட மண்டையோடுகளை அப்பிரதேசத்திலிருந்து அனுப்பிவிட்டார். அவற்றுட் சில ஆளுயரத்தினும் நீண்டவை.

இவ்வெலும்புகள் உணர்த்திய விலங்கு எட்டு அல்லது ஒன்பது மீற்றர் நீளமானது. நான்கு காலால் நடப்பது. கிளியின் அலகு போன்ற வாயால் தழைகளைக் கொய்து உண்பது. புருவத்தின் மேல் இரண்டு நெடுங்கொம்பும் மூக்கின் மேல் ஒரு குறுங்கொம்பும் உடையது. தலையின் பின்புறம் அகன்று விரிந்து கழுத்தை மூடும் எலும்புக் கேடயம் ஒன்றும் அதற்கு உண்டு. ஏறக்குறைய 6 கோடியே 80 இலட்சம் ஆண்டுகளுக்கும் 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தே அது வாழ்ந்தது. அதே காலத்தில் அதே நிலத்தில் வாழ்ந்த ஊனுண்ணியாகிய டைரனோசோரஸ் 1905ஆம் ஆண்டிலேதான் பெயர் பெற்றது. அவ்வாண்டிலேயே வாஷிங்டன் நகரத்துத் தேசிய நூதனசாலையில் முக்கொம்பனின் முழு என்புக்கூடு முதன்முதலாக நிறுத்தப்பட்டது. பல விலங்குகளின் எலும்பைக் கூட்டி ஆக்கிய அவ்வுருவுக்கு, வேறோர் இனத்தைச் சேர்ந்த வாத்தலகு டைனோசரின் பின்பாதங்களும் பொருத்தப்பட்டிருந்தன. காண வந்தோர் அதனை அறிந்திலர்.

பெயர் பெற்று முப்பதாண்டு கழியுமுன்னரே இவ்விலங்கு சலனப்படத்தினுட் புகுந்துவிட்டது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அதனை விட்டு நீங்கவுமில்லை. அந்நீண்ட வரலாற்றிலே வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. மாநகரத்தை மிதித்தழிக்கும் பெருவிலங்குக் கதைகள் எண்ணிறந்தன தோன்றியும், அவற்றுள் நகரத்தை அழிக்க வந்தவனாக முக்கொம்பன் தோன்றுவது அரிதினும் அரிது. எதிர்த்து நிற்கும் விலங்காக, குட்டியைக் காக்குந் தாயாக, பெரும்பாலும் ஊனுண்ணியொடு பொருது மடியும் விலங்காகவே அது காட்டப்படுகின்றது. இவ்வழக்கு எலும்பு கூறும் உண்மையினின்று எழுந்ததா, அன்றிக் கதைஞர் தம் தேவைக்கு ஆக்கிக்கொண்டதா என்பது ஆராயத்தக்கது. டைனோசர் பற்றி உலக மக்கள் அறிந்தவற்றுட் பெரும்பகுதி நூதனசாலையிலிருந்தன்று, திரையிலிருந்தே வந்தது. ஆதலின் இவ்வினா வெறும் பொழுதுபோக்கன்று.

எலும்புக்குந் திரைக்கும் இடையே ஓவியர் ஒருவர் நிற்கின்றார். அவர் சார்ள்ஸ் நைற் என்பார். தொல்லுயிர்களைத் தசையும் தோலும் உடையனவாக வரைந்து காட்டியவருள் அவரினும் மிக்க செல்வாக்குப் பெற்றார் இலர். 1897ஆம் ஆண்டில், மார்ஷின் பகைவராகிய எட்வேர்ட் கோப் என்னும் அறிஞரின் சொற்படி, ‘அகதவுமஸ்’ என்னும் கொம்பு விலங்கை அவர் வரைந்தார். மூக்கின் மேல் நெடுங்கொம்பும், முதுகெங்கும் முள்ளுமாக அது தோன்றிற்று. அகதவுமஸ் என்னும் பெயரைக் கோப் 1872இல் முதன்முதல் இட்டபோது அவருக்குக் கிடைத்தவை இடுப்பெலும்பும் முள்ளந்தண்டெலும்பும் முதலியனவே, மண்டையோடு கிடைக்கவில்லை. தலையற்றுக் கிடைத்த விலங்கின் பெயர் ஓவியத்திலே கொம்புத் தலை பெற்று, அவ்வோவியத்தின் வழியே திரைக்கும் போந்தது. 1920களின் பிற்பகுதியில் சிக்காகோ நகரத்து வீல்ட் நூதனசாலைக்கு நைற் வரைந்த சுவரோவியம் இன்னும் புகழ் பெற்றது. அதில் முக்கொம்பன் தலை தாழ்த்தி நிற்கின்றது; டைரனோசோரஸ் அதனை நோக்கி வருகின்றது. இரண்டும் இன்னும் முட்டிக்கொள்ளவில்லை. இரத்தம் ஒரு துளியுமில்லை. சண்டைக்கு முந்திய கணத்தை ஓவியர் காட்டினார். பிந்திய கணத்தைத் திரையினர் எடுத்துக்கொண்டனர்.

திரையில் அதனைத் தொடக்கி வைத்தவர் வில்லிஸ் ஓப்ரையன். சிறு பாவைகளைச் செய்து, ஒவ்வொரு படத்துக்கும் அவற்றை மயிரிழையளவு அசைத்து, பல்லாயிரம் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டி உயிருள்ளனபோற் காட்டுவது அவரது தொழில். 1918இல் ஆக்கப்பெற்ற ‘சிலம்பர் மலையின் ஆவி’ என்னும் சிறு படத்தில் அவர் முக்கொம்பர் இருவரைக் கொண்டுவந்தார். அவ்விரண்டும் முதலில் ஒன்றோடொன்று கொம்பு கோத்துப் பொருகின்றன. அப்போது ஊனுண்ணியொன்று தோன்றி அவற்றுள் ஒன்றைக் கொன்று விடுகின்றது. நூறாண்டு கழிந்து நோக்குவார்க்கு அப்பாவைகள் தளர்நடையிடுவன போலத் தோன்றலாம். ஆயினும் கதைநிகழ்ச்சியின் ஒழுங்கு மறக்கத்தக்கதன்று. முதலிற் தன்னினத்தோடு போர், பின்னரே பகையினத்தோடு. இதன் சிறப்புப் பின்னர்ப் புலனாகும்.

கதைநூல்களிலே இவ்விலங்கை முற்றிலும் மாற்றி அமைத்தவர் எட்கார் ரைஸ் பரோஸ். அவர் 1921இல் வெளியிட்ட டார்சன் கதையொன்றில், ஆபிரிக்காவின் நடுவே உலகறியாத நாடொன்றில் ‘கிரைவ்’ என்னும் விலங்கு வாழ்கின்றது. அது முக்கொம்பனின் வழித்தோன்றல். ஆயின் குளம்பு போன்ற பாதம் நீங்கி நகம் பெற்று, தழை உண்ணல் ஒழிந்து மனிதரை வேட்டையாடுவது. பல கோடி ஆண்டு கழிந்தால் விலங்கின் இயல்பு மாறுதல் கூடும் என்பதே பரோஸ் கொண்ட சாக்கு. அத்தகைய கொடிய விலங்கும் ஈற்றில் டார்சனின் குரலுக்கு அடங்கி, அவனைத் தன் முதுகிற் சுமந்து செல்கின்றது. ஊனுண்ணியாக்கிய ஆசிரியரே அதனை ஊர்தியாகவும் ஆக்கிவிட்டார் என்பது நோக்கத்தக்கது. அவர் இட்ட பெயரோ கிரேக்கர் கதைகளில் வரும் கழுகுத் தலைச் சிங்கமாகிய கிரிபினை நினைவூட்டுவது. அக்கதை வெளிவந்த மறு ஆண்டிலே மொங்கோலியப் பாலைநிலத்தில் ‘புரொட்டோசெராடொப்ஸ்’ என்னும் சிறிய கொம்பின விலங்கின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அத்தகைய எலும்புகளைக் கண்டே பண்டையோர் கிரிபின் கதையைக் கட்டினர் என ஏட்ரியன் மேயர் என்னும் வரலாற்றாசிரியை பிற்காலத்தில் எழுதினார். அக்கருத்துக்குச் சான்று போதாது என 2024இல் இங்கிலாந்து ஆய்வாளர் இருவர் மறுத்துரைத்தனர். பரோஸ் இவற்றுள் ஒன்றனையும் அறியார். அலகுடைய விலங்கைக் கண்டு அப்பெயர் அவருக்குத் தோன்றியிருத்தல் கூடும்.

1922ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூயோர்க் நகரிலே அமெரிக்க மந்திரவித்தைக்காரர் சங்கம் ஒரு விருந்து நடத்திற்று. புகழ்பெற்ற நாவலாசிரியர் சேர் ஆதர் கோனன் டொயில் அங்கே எழுந்து, விளக்கம் யாதுங் கூறாது, படச்சுருள் ஒன்றைக் காட்டினார். அழிந்துபோன விலங்குகள் அதில் உலாவின, போரிட்டன. கண்கட்டு வித்தையிலே கைதேர்ந்த அக்கூட்டத்தார் வியந்து இருந்தனர். அவை மெய்யோ பொய்யோ எனத் துணியமாட்டாது மறுநாட் பத்திரிகையும் எழுதிற்று. அச்சுருள் ஓப்ரையன் ஆக்கிக்கொண்டிருந்த ‘மறைந்த உலகம்’ என்னும் படத்தின் ஒரு பகுதியே. டொயில் 1912இல் எழுதிய நாவலைத் தழுவிய அப்படம் 1925இல் வெளிவந்தது. நாவலில் வேறு விலங்குகளே முதன்மை பெறுகின்றன. கொம்பினத்துக்கு இடம் அளித்தது படமே. நைற் வரைந்த முள்முதுகு அகதவுமஸ் அதில் உயிர்பெற்று வந்தது. ஊனுண்ணியொன்றைக் குத்தி விரட்டிய அது, பின்னர் வேறோர் ஊனுண்ணியின் வாய்ப்பட்டு மடிந்தது. அதே படத்திற் குட்டியைக் காத்து நிற்கும் முக்கொம்பனும் உண்டு. காக்குந் தாய் என்னும் பாத்திரம் இங்கேதான் முளைவிட்டது எனலாம்.

அது முழு வடிவம் பெற்றது மக்கள் பாராத படமொன்றிலே. 1930ஆம் 1931ஆம் ஆண்டுகளில் ஓப்ரையன் ‘படைப்பு’ என்னும் பெரும்படமொன்றைத் தொடங்கினார். அவருக்காகப் பாவைகளைச் செய்தவர் மெக்சிக்கோவிற் பிறந்த மார்சல் டெல்காடோ. உலோக எலும்பும் இரப்பர்த் தசையும் உடைய பாவைகளின் உள்ளே காற்றுப்பை வைத்து, மூச்சு விடுவன போல விலாவை விம்மச் செய்தவர் அவர். அப்படத்திலே ஒரு காட்சி மட்டும் எஞ்சியுள்ளது. காட்டினுட் செல்லும் துப்பாக்கி வீரன் ஒருவன், தாயை விட்டு விலகி விளையாடும் முக்கொம்பன் குட்டியொன்றைக் காண்கின்றான். யாதொரு காரணமுமின்றி அதன் கண்ணிலே சுட்டுவிடுகின்றான். குட்டி புரண்டு துடிக்கின்றது. ஒலி கேட்ட தாய் மரங்களை முறித்துக்கொண்டு ஓடி வருகின்றது. அவன் ஓடுகின்றான், அது துரத்துகின்றது, ஈற்றில் அவனைக் குத்திக் கொல்கின்றது.

பெருவிலங்குப் படவரலாற்றிலே இக்காட்சி ஒரு திருப்பம். மனிதனைக் கொல்லும் விலங்கின் பக்கமே பார்ப்போர் மனம் சாய்கின்றது. கொல்லப்பட்டவன்மேல் இரக்கம் எழுவதில்லை. இரண்டாண்டு கழித்து நியூயோர்க்கின் கோபுரத்திலிருந்து விழுந்த கொங் என்னும் பெருங்குரங்கின் பொருட்டு உலகம் கண்ணீர் விட்டது என்பர். அக்கண்ணீருக்கு ஊற்று முன்னரே இம் முக்கொம்பன் தாயிடத்துத் திறந்திருந்தது. ஆயினும் ஆர். கே. ஓ. நிறுவனத்தில் அப்போது பொறுப்பேற்ற மேரியன் கூப்பர், செலவு மிக்கது, கதைச்சுவை குறைந்தது எனக் கண்டு ‘படைப்பை’ நிறுத்திவிட்டார். ஓப்ரையனின் கைத்திறனை மட்டும் தம் ‘கிங் கொங்’ படத்துக்கு எடுத்துக்கொண்டார். அதிலும் கொம்பு விலங்குக்கு ஓரிடம் வகுக்கப்பட்டிருந்தது. பள்ளத்தாக்கின் குறுக்கே கிடக்கும் மரத்தின் ஒரு முனையிற் கொங் நிற்க, மறுமுனையிற் கேடயமெங்கும் முள்ளுடைய ஸ்டைரகோசோரஸ் நிற்க, மாலுமிகள் நடுவே அகப்படுவர் என்பது திட்டம். 1933இல் வெளிவந்த படத்தில் அவ்விலங்கு இல்லை. இதனால், மாலுமிகள் ஏன் மறுபுறம் ஓடித் தப்பவில்லை என்னும் ஐயம் இன்றும் பார்ப்போர்க்கு எழுகின்றது. 1932இல் அச்சேறிய கதைநூலிலோ முக்கொம்பன் அவ்விடத்தே நின்று வழியை மறிக்கின்றது. செய்து வைத்த ஸ்டைரகோசோரஸ் பாவை வீண்போகவில்லை. அவ்வாண்டிறுதியில் வந்த ‘கொங்கின் மகன்’ என்னும் படத்தில் மனிதரைத் துரத்திற்று.

இனி, முன்னெழுந்த வினாவுக்கு வருதல் தகும். தழை உண்பதனால் அதனை நகரழிப்பதாகக் காட்டவில்லை என எளிதாக விடை கூறலாம், அவ்விடை நில்லாது. 1925இன் படத்திலே இலண்டன் வீதிகளைக் கலக்குவது புரொண்டோசோரஸ். அதுவுந் தழை உண்பதே. கிங் கொங் படத்தில் அதே இனத்து விலங்கு மாலுமிகளைக் கௌவிக் கொல்கின்றது. விலங்கின் உணவைப் படமெடுப்போர் பொருட்படுத்தினாரல்லர். உண்மைக் காரணம் உயரமே எனத் தோன்றுகின்றது. நீண்ட கழுத்துடையது மேன்மாடிச் சாளரத்தினூடே எட்டிப் பார்க்கும். இருகாலில் நிமிர்ந்து நிற்பது கட்டடத்துக்கு மேலாகத் தலை காட்டும். முக்கொம்பனோ யானை போல நிலத்தை ஒட்டி நிற்பது. வீதியிற் புகுந்தால் மாட்டுக்கூட்டம் புகுந்தாற்போலத் தோன்றுமேயன்றி நகரம் அழிவது போலத் தோன்றாது. அண்ணாந்து நோக்கச் செய்வதே பெருவிலங்குப் படத்தின் உயிர். அஃது இயலாதபோது, அண்ணாந்து நோக்கப்படும் விலங்கின் வலிமையை அளக்கும் அளவுகோலாக முக்கொம்பன் ஆகிவிட்டது. மூன்று கொம்புடையதனையும் கொன்றது எனின், கொன்ற விலங்கின் கொடுமையைத் தனியே கூறவேண்டியதில்லை அன்றோ?

1940இல் வந்த ‘கிறிஸ்துவுக்கு முன் பத்து இலட்சம் ஆண்டு’ என்னும் படத்தில் இரப்பர் உடை போர்த்த பன்றியொன்று முக்கொம்பனாக நடித்தது. அதுபற்றி மேலுங் கூறவேண்டியதில்லை. 1966இல் அதே கதையை இங்கிலாந்திலே மீண்டும் எடுத்தபோது பாவை விலங்குகளை இயக்கியவர் ஓப்ரையனின் மாணாக்கர் எனத்தக்க ரே ஹரிஹவுசன். அவர் முக்கொம்பனைச் செராடோசோரஸ் என்னும் ஊனுண்ணியோடு பொரவிட்டார். வழக்கத்துக்கு மாறாக முக்கொம்பனே வென்றது. தலை தாழ்த்திப் பாய்தலும், பின்வாங்கிச் சுற்றுதலும், கொம்பு தைத்த கணத்திற் தலையை அசைத்தலும் மெய்விலங்கைக் கண்டு எழுதினாற்போல அமைந்தன. காலக்கணக்கு மட்டும் பொருந்தவில்லை. செராடோசோரஸ் ஏறக்குறைய 15 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. அதற்கும் முக்கொம்பனுக்கும் உள்ள கால இடைவெளி, முக்கொம்பனுக்கும் நமக்கும் உள்ள இடைவெளியினும் பெரிது. அப்படத்தில் மனிதர் டைனோசரோடு வாழ்வதை எள்ளி நகையாடியோர் பலர். இவ்விரு விலங்கும் சந்திப்பது அதனினும் பெரிய முரண் என்பதை நினைந்தோர் சிலரே. 1969இல் ‘குவாங்கியின் பள்ளத்தாக்கு’ என்னும் படத்திலே ஹரிஹவுசன் ஸ்டைரகோசோரஸைக் கொணர்ந்தார். அது ஊனுண்ணியோடு சமநிலையிற் பொருதுகொண்டிருக்கையிற் குதிரைமேல் வந்த ஒருவன் அதனை ஈட்டியாற் குத்திவிட, அதனால் தளர்ந்து வீழ்ந்தது. மனிதன் தலையிடாதிருப்பின் முடிவு வேறாகியிருக்கும் என எண்ண இடமுண்டு.

யப்பானியர் பாவையை விடுத்து, மனிதன் புகுந்து நடிக்கும் உடையைக் கையாண்டனர். ஆதலின் அவர்தம் பெருவிலங்குகள் பெரும்பாலும் இருகால் மேல் நிமிர்ந்து நிற்பன. நாற்கால் விலங்காக நடிப்போன் முழந்தாளில் ஊர்ந்தே திரிதல் வேண்டும், அது பெருந்துன்பம். 1955இல் வந்த இரண்டாம் கோட்சில்லா படத்தின் அங்கிரஸ் இத்தகையது. படத்துள் அது அங்கிலோசோரஸ் எனப்படினும், மூக்குக் கொம்பும் தலையைச் சூழ்ந்த முட்களும் கொம்பினத்தையே நினைப்பிக்கின்றன. ஒசாக்கா நகரத்திலே அது கோட்சில்லாவோடு பொருது, புகழ்பெற்ற கோட்டைக்கு அருகே மடிந்தது. நகரம் அழிந்ததற்கு அதுவுங் காரணமே. இவ்வகையில் அது விதிவிலக்கு. ஆயின் 1968க்குப் பின் வந்த படங்களிலே அது கோட்சில்லாவின் தோழனாக மாறிவிட்டது. 1965இல் தோன்றிய பரகொன் நிலத்தைக் குடைந்து திரிவது, ஒற்றைக் கொம்புடையது, மனிதரை உண்பது. எந்த டைனோசரும் தன்னை உறவு கொண்டாட முடியாத அதன் உடை, தலையும் உறுப்பும் மாற்றப்பட்டு, 1966ஆம் 1967ஆம் ஆண்டுகளின் தொலைக்காட்சித் தொடர்களில் வேறு நான்கு விலங்குகளாக உலாவிற்று. சிக்கனத்துக்கு இஃது எடுத்துக்காட்டு. 1977இன் ‘கடைசி டைனோசர்’ என்னும் படத்தில் மெய்யான முக்கொம்பன் வடிவம் உடையிலே தோன்றிற்று, டைரனோசோரஸாற் கொல்லப்பட்டது.

முக்கொம்பன் மாநகர் புகுந்த கதையும் ஒன்றுண்டு, அழிக்கப் புகுந்ததன்று. 1956இல் ஒலிவர் பட்டர்வேர்த் என்பார் சிறுவர்க்கு எழுதிய ‘மாபெரும் முட்டை’ என்னும் நூலிலே, நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்துச் சிற்றூரிற் கோழியொன்று பெரிய முட்டை இடுகின்றது. அதிலிருந்து முக்கொம்பன் குஞ்சு வெளிவருகின்றது. அதனை வளர்க்குஞ் சிறுவனுக்கு வரும் இடரெல்லாம் அது தின்னும் புல்லின் அளவினால் வருவன. தலைநகர் வாஷிங்டனுக்கு அதனைக் கொண்டு சென்றபோது, பயனற்ற பழம்பொருளுக்குப் பொதுப்பணத்தைச் செலவிடலாகாது எனச் செனற் சபையினர் ஒருவர் அதனை அழிக்கச் சட்டந் தேடுகின்றார். மக்கள் தடுக்கின்றனர். நகரம் விலங்குக்கு அஞ்சுவது போய், விலங்கு நகரத்துக்கு அஞ்சவேண்டிய நிலை இங்கே காணப்படுகின்றது. பெருவிலங்குக் கதையின் முறையை இவ்வளவு அமைதியாகத் தலைகீழாக்கியது பிறிதொரு நூல் உண்டோ என்பது ஐயம். 1964ஆம் ஆண்டு நியூயோர்க் உலகப் பொருட்காட்சிக்கென கண்ணாடியிழையாற் செய்யப்பட்ட முக்கொம்பன் உரு 1967இல் வாஷிங்டன் நூதனசாலையாரை அடைந்தது. 1968இல் அக்கதையின் தொலைக்காட்சிப் படத்தில் நடித்தது. அக்கதையிலுள்ள விலங்கின் பெயரையே தானும் பெற்றது. நெடுங்காலம் நூதனசாலை வாயிலில் நின்ற அதன் முதுகிற் சிறுவர் ஏறி விளையாடினர். 1994இல் அது தேசிய விலங்கினச்சாலைக்குக் கொண்டு செல்லப்பட்டது.

1993இல் வந்த ‘ஜுராசிக் பார்க்’ படத்தின் முக்கொம்பன் போரிடவே இல்லை. மைக்கல் கிரைட்டனின் 1990ஆம் ஆண்டு நாவலிலே நோயுற்றுக் கிடப்பது ஸ்டெகோசோரஸ். ஸ்பீல்பேர்க்கின் படம் அவ்விடத்தில் முக்கொம்பனை வைத்தது. ஸ்டான் வின்ஸ்டனின் தொழிற்சாலையார் செய்த முழுவளவு இயந்திர உரு ஹவாய்த் தீவுக்கூட்டத்துக் கவாயிலே படம்பிடிக்கப்பட்டது. அதன் விலாவிற் சாய்ந்த அறிஞர் ஒருவர் மூச்சோடு எழுந்து தாழ்கின்றார். வாழ்நாளெல்லாம் எலும்பையே தோண்டியவர் முதன்முறை வெம்மையை உணர்கின்றார். டெல்காடோ 1930களிற் காற்றுப்பையாற் செய்த அதே வித்தை இது. அத்தொடரின் பின்வந்த படங்களிலே கொம்பினத்தார் கூடாரங்களைச் சிதைத்தனர் (1997), சிறுவரைச் சுமந்தனர் (2015). சீனாவிற் கண்டெடுக்கப்பட்டு 2010இற் பெயர் பெற்ற சினோசெராடொப்ஸ் 2018இலேயே திரையில் தோன்றிவிட்டது. முக்கொம்பன் திரையேற முப்பதாண்டு ஆயிற்று; இதற்கு எட்டாண்டே போதுமாயிற்று.

எலும்பு கூறுவது யாது? 1996இல் கிரெகரி எரிக்சன் முதலியோர் மொன்ரானா மாநிலத்துக் கிடைத்த முக்கொம்பன் இடுப்பெலும்பிலே ஐம்பதுக்கு மேற்பட்ட கடித்தழும்புகளை விளக்கினர். அவை டைரனோசோரஸின் பற்பட்டவை, ஆறிய தடமில்லாதவை. அஃதாவது, இறந்த உடலை அது தின்றமைக்குச் சான்று உண்டு. கொன்றமைக்கு அவை சான்றாகா. 2008இல் ஜோன் ஹப் என்பார் ஆராய்ந்த மண்டையோட்டிலோ நெற்றிக் கொம்பொன்று கடித்து முறிக்கப்பட்டிருந்தது. கேடயத்திலும் பற்றடம் இருந்தது. அவ்விரண்டும் ஆறியிருந்தன. அவ்விலங்கு டைரனோசோரஸை எதிர்கொண்டு, காயமுற்று, அதன்பின்னும் வாழ்ந்திருந்தது. அடுத்த ஆண்டில் அன்ட்ரூ பார்க் முதலியோர் பல மண்டையோடுகளை ஒப்பிட்டு, கேடயத்தின் பக்க எலும்பிற் காணப்படும் புண்கள் முக்கொம்பர் தம்முட் கொம்பு கோத்துப் பொருதமையால் உண்டானவை எனத் தக்க காரணங் காட்டினர்.

கொம்பு ஊனுண்ணிக்கென்றே அமைந்தது என நூற்றாண்டாகத் திரை கூறி வந்தது. எலும்போ, அது தன்னினத்தோடும் பகையினத்தோடும் ஒருங்கே பயன்பட்டது என்றும், ஊனுண்ணியைச் சந்தித்த எல்லா முறையும் மடியவில்லை என்றுங் கூறுகின்றது. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், பின்வந்த பெரும்படங்களினும் 1918இன் அச்சிறு படமே உண்மைக்கு அண்மையில் நிற்கின்றது. முக்கொம்பர் தம்முட் பொருவதைக் காட்டும் முறையைத் தொடர்ந்து வந்தோர் பெரும்பாலும் கைவிட்டனர். நடுவே ஒருவர் கொம்பனை வெல்லவும் செய்தார், அவ்வளவே.

1905இல் வாஷிங்டனில் நிறுத்தப்பட்ட என்புக்கூடு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு அவ்வாறே நின்றது. வாத்தலகு விலங்கின் பாதங்களும் உடலுக்குச் சிறிதாயிருந்த தலையும் பிற்காலத்திற் கணினி அளவீட்டின் துணையாற் திருத்தப்பட்டு, 2001இற் புதிய உரு நிறுவப்பட்டது. அதனை முதலில் அகழ்ந்தவரின் நினைவாக அதற்கு ‘ஹற்சர்’ எனப் பெயரும் இடப்பட்டது. 2019இல் நூதனசாலையின் அம்மண்டபம் புதுக்கித் திறக்கப்பட்டபோது ஹற்சர் நிற்கவில்லை. தரையிற் சாய்ந்து கிடந்தது. 1988இல் மொன்ரானாவிற் கண்டெடுக்கப்பட்ட டைரனோசோரஸ் அதன்மேற் கால் வைத்து, கேடயத்தைக் கௌவித் தலையைப் பிடுங்கும் நிலையில் அமைக்கப்பட்டுள்ளது.